பாம்புக் காது

கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்குப் பட்டப்பெயர் இல்லாமல் போகாது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குத் 'தவளை', இன்னொருவருக்குத் 'தயிர்சாதம்'. எனக்கு வாய்த்தது 'பாம்புக் காது'. கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, கடைசி பெஞ்சில் எவன் எவனிடம் என்ன கிசுகிசுக்கிறான் என்பது என் காதில் விழுந்துவிடும். திரும்பாமலே, "மத்தியானம் சினிமாவுக்கா? எனக்கும் ஒரு டிக்கெட் சேர்த்து எடுடா" என்பேன். வகுப்பில் அதன் பிறகு மூச்சுவிடும் சத்தம்கூட இருக்காது. அந்த அமைதிக்காகத்தான் நான் சம்பளம் வாங்கினேன் என்று என் மனைவி சொல்லுவாள்.

அறிவியல் வாத்தியாருக்கு மட்டும் அந்தப் பெயர் உறுத்தியது. "பாம்புக்குக் காதே கிடையாதுங்க சார். தரை அதிர்றத வெச்சுத்தான் அது கண்டுபிடிக்கும். பசங்க உங்களச் செவுடுன்னு சொல்றாங்க, நீங்க சந்தோசப்படறீங்க" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பார். பொறாமை பிடித்த மனுஷன் என்று விட்டுவிட்டேன். அவர் சொன்னது ஆரூடம் என்று அப்போது தெரியவில்லை.

ஓய்வு பெற்று, மொரப்பூரில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகு உலகம் வாய்க்குள்ளேயே பேச ஆரம்பித்தது. டிவியில் செய்தி வாசிக்கிற பெண் முணுமுணுத்தாள். பெங்களூரில் இருக்கும் மகன் போனில் முனகினான். "டவர் இல்லடா" என்று வைத்துவிடுவேன். இந்தக் காலத்தில் யாருக்குமே தெளிவாகப் பேசத் தெரியவில்லை என்று டீக்கடையில் ஒரு பிரசங்கமே செய்தேன். கடைசியில் ஒருநாள் குக்கர் என் பக்கத்திலேயே இருந்து விசில் அடித்து, அடித்து, பருப்பு தீய்ந்து, புகை மூக்குக்கு வந்த பிறகுதான், கோளாறு உலகத்தில் இல்லை என்று புரிந்தது.

புரிந்ததும் முதலில் எடுத்த முடிவு, இது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக வீட்டில் இருப்பவளுக்கு. பாம்புக் காது என்று ஒரு தாலுகாவே பயந்த மனுஷன், செவிட்டு வாத்தியார் ஆவதா? அதைவிட ஊரை விட்டுப் போய்விடலாம்.

அதன்பிறகு என் வாழ்க்கை ஒரு நாடகமானது. யார் பேசினாலும் உதட்டைப் பார்ப்பேன். பிடிபடாவிட்டால் தலையை மேலும் கீழுமாக ஆட்டி, "அதெல்லாம் அப்படித்தான்" என்பேன். எந்தப் பேச்சுக்கும் பொருந்துகிற பதில் அது. ஆனாலும் சறுக்கல்கள் உண்டு. என் மனைவி "சாவி எங்க?" என்று கேட்பாள், நான் "சர்க்கரை கம்மியாப் போடு" என்பேன். காபி வராது, ஒரு முறைப்பு மட்டும் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலான சறுக்கல் மொரப்பூர் ஸ்டேஷனில் நடந்தது. நாங்கள் இருவரும் சேலம் போக நின்றிருந்தபோது, என் பழைய சிநேகிதரின் மகன் எதிரே வந்து என் கையைப் பிடித்து ஏதோ சொன்னான். உதட்டைப் பார்த்தேன். 'அப்பா தேறிட்டாருங்க' என்று பட்டது. சிநேகிதர் சில மாதமாகப் படுக்கையில் கிடந்தவர். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ரொம்ப சந்தோஷம்ப்பா! நான் அப்பவே சொன்னேன்" என்று அவன் முதுகில் தட்டினேன். பையன் விழித்தான். அடுத்த நொடி என் மனைவி, பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "ஐயோ, அந்த மனுசன் தவறிட்டாராப்பா! போய்ச் சேந்துட்டாராப்பா!" என்று பெருங்குரலெடுத்து அழுதாள். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. "இவரு இப்பிடித்தான், அதிர்ச்சியில என்னா பேசறோம்னே தெரியாம பேசிடுவாரு" என்று அந்தப் பையனிடமும் உரக்கச் சொன்னாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ரயிலில் ஏறிய பிறகு, "துக்கம்னா மெதுவா அழக் கூடாதா? என்ன சத்தம் அது" என்று அவளைக் கடிந்துகொண்டது வேறு உண்டு.

ஏனென்றால் அவளைப் பற்றி எனக்கு ஒரே குறை அதுதான். வயது ஏற ஏற அவளுக்கு வாய் பெருத்துக்கொண்டே போனது. குளிக்கப் போ என்பதைக்கூடத் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். நான்கு பேர் இருக்கும் இடத்தில், யாராவது என்னிடம் பேசினால் நடுவில் புகுந்து அதையே திரும்பச் சொல்லுவாள். டீக்கடையில், "என்னா சார், காலங்காத்தால வூட்ல பாட்டு விழுந்துச்சாட்ட இருக்குது" என்று கேலி செய்வார்கள். நான் ஒரு தியாகியைப் போலச் சிரித்து, "பழகிப் போச்சுப்பா" என்பேன்.

இப்படி இருக்கையில்தான் அந்தப் பெண் போன் செய்தாள். காரிமங்கலத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் பழைய மாணவனின் மகள். தருமபுரியில் ஒரு கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாளாம். ஐம்புலன்களைப் பற்றிப் பத்து நிமிடத்துக்கு ஒரு ஆவணப்படம் எடுக்கிறார்களாம். மூக்குக்கு ஓர் அத்தர் கடை பாய் கிடைத்துவிட்டார். தொடு உணர்வுக்குச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசும் மாட்டுத் தரகர். காதுக்கு ஆள் தேடியபோது அவள் அப்பன், "எங்க வாத்தியார் ஒருத்தர் இருக்காரு, பாம்புக் காது" என்று சொல்லியிருக்கிறான்.

இவ்வளவும் போனை எடுத்த என் மனைவி எனக்குச் சொன்னது. எதிர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "வேணாங்க. வேற யாரயாச்சும் பாத்துக்கச் சொல்லிடறேன். உங்களுக்கு எதுக்கு இந்த அலைச்சல்" என்றாள்.

"எனக்கு என்ன அலைச்சல்? வூட்டுக்குத்தான வராங்க" என்றேன். கேமரா முன்னால் ஒரு கேள்வி பிசகினால் போதும், இத்தனை வருஷம் காப்பாற்றிய பேர் போய்விடும். ஆனால் பேரைக் கேட்டுத் தேடி வருகிறார்களே! யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, சலவைச் சட்டையை எடுத்து வைத்தேன்.

மூன்று பேர் வந்தார்கள். கேள்வி கேட்க அந்தப் பெண், கேமராவுக்கு ஒரு பையன், ஒலிப்பதிவுக்கு இன்னொரு பெண். இவள் தலையில் கறுப்பாக ஒரு ஹெட்போன். கையில் நீளக் கழி, அதன் நுனியில் அணில் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு மைக். வந்ததும் ஜன்னலை எல்லாம் சாத்தினார்கள். மேஜை விளக்கு மாதிரி ஒன்றை ஏற்றினார்கள். எனக்குச் சட்டையில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினார்கள். போட்டோ என்றாலே அடுப்படிக்குள் ஓடிவிடும் என் மனைவி, "நானும் அவுரு பக்கத்துல ஒக்காருவேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் முந்தானையிலும் ஒரு மைக்கைக் குத்த வேண்டியதாயிற்று. சினிமா ஆசை யாரைத்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கேள்வியிலேயே எனக்கு ஏழரை பிடித்தது. விளக்கு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் இருந்ததால் அவள் முகம் இருட்டாக இருந்தது. முகமே தெரியவில்லை, உதடு எங்கே தெரியும்? தமிழில் வினவுவதற்கும் 'கேள்', காதில் விழுவதற்கும் 'கேள்'. அந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவானுக்கு என் நிலைமை தெரிந்திருக்காது. அன்று அவள் கேட்டது எனக்குக் கேட்கவில்லை.

தலையை ஆட்டி, "அதெல்லாம் அப்படித்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி, "அட, கடேசி பெஞ்சுல பேசறது உங்களுக்கு மட்டும் எப்பிடிக் கேக்கும்னு கேக்குது பாருங்க இந்தப் பொண்ணு! எனக்கும் அது ஆச்சரியந்தான்!" என்றாள் உரக்க. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. விளாசித் தள்ளினேன்.

அடுத்த கேள்விக்கும் அதுவே நடந்தது. "பசங்க உங்களப் பாத்துப் பயப்புடுவாங்களான்னு கேக்குது. பயப்புடாம?" அதற்கடுத்த கேள்விக்கும் குறுக்கே விழுந்தாள். எனக்கு உள்ளூர வசதியாக இருந்தாலும், ஒரு வாத்தியாரின் பேட்டியில் வாத்தியார் பெண்டாட்டி இப்படி முந்துவது கௌரவமாகப் படவில்லை. "கேள்வி எனக்கா, உனக்கா? கொஞ்ச நேரம் வாய மூடிக்கிட்டு இரேன்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் "செரிங்க, செரிங்க" என்று சிரித்தாள். அடுத்த கேள்வி வந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு அந்தப் பெண் எழுந்து வந்து என் கண்ணைக் கைக்குட்டையால் கட்டினாள். இப்போது என்ன சத்தம் கேட்கிறது என்று நான் சொல்ல வேண்டுமாம். அதையும் என் மனைவிதான் கூவினாள். ஒரு சத்தமும் இல்லை. நான் யோசித்தேன். ஒரு வீட்டில் என்ன சத்தம் இருக்கும்? "ஃபேன் ஓடுது. லேசா, கிரீச்சுனு. அப்புறம் ஃபிரிட்ஜ் சத்தம்" என்றேன் கம்பீரமாக.

நீண்ட அமைதி. எனக்கு எல்லாமே அமைதிதான் என்றாலும், இந்த அமைதி வித்தியாசமாக இருந்தது. கைக்குட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தேன். ஃபேன் நின்றிருந்தது. ஃபிரிட்ஜின் ஒயர் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டுக் கிடந்தது. ஒலிப்பதிவுக்கு இடைஞ்சல் என்று வந்ததுமே இரண்டையும் நிறுத்தியிருக்கிறார்கள்.

"அவுரு கிண்டல் பண்றாரு கண்ணு!" என்றாள் என் மனைவி. "வாத்தியாரில்ல? நீங்க ஒழுங்கா நிறுத்துனீங்களான்னு உங்களுக்கே பரீட்சை வெக்கறாரு." பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்து வைத்தேன். இவளுடைய அறியாமைகூடச் சில நேரம் உபயோகப்படுகிறது என்று நினைத்தேன். ஆமாம், அறியாமை என்றுதான் நினைத்தேன்.

அதற்குள் என் வெறுங்காலுக்கு ஒரு சேதி வந்தது. தரை மெல்ல அதிர்ந்தது. பாதையோரம் குடியிருப்பவனுக்கு அது தெரியும். "சேலம் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வருது" என்றேன். சேலம் என்பது குருட்டாம்போக்கில் சொன்னது. கூட்ஸ் என்பதும் அப்படித்தான். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெட்போன் போட்டிருந்த பெண்கூட உதட்டைப் பிதுக்கினாள். சிறிது நேரத்தில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கேமராப் பையன் வெளியே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சேலம் பக்கமிருந்துதான், கூட்ஸேதான். அறிவியல் வாத்தியார் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

காபி இடைவேளை. என் மனைவி அடுப்படிக்குப் போனாள். கேள்வி கேட்ட பெண்ணும் கூடவே போனாள். வெற்றிக் களிப்பில் இருந்த நான், "அதுல என்னம்மா கேக்கும்?" என்று ஒலிப்பதிவுப் பெண்ணின் ஹெட்போனைக் காட்டிக் கேட்டேன். அவள் அதைக் கழற்றி என் தலையில் மாட்டி, பெட்டியில் ஒரு குமிழைத் திருகினாள்.

என்னவென்று சொல்வது! கேஸ் லைட்டரின் டிக் டிக். பால் பொங்கி வரும் சத்தம். தரையில் மெட்டி உரசும் சத்தம். வளையல். என் வீட்டில் இவ்வளவு சத்தமா! என் மனைவி முந்தானை மைக்கோடு அடுப்படிக்குப் போயிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது.

"அம்மா, நீங்க குறுக்க பேசாம இருந்தீங்கன்னா எங்களுக்கு எடிட்டிங்ல ஈசியா இருக்கும்மா" என்று அந்தப் பெண் சொன்னாள். நல்ல பெண், நான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறாள் என்று மகிழ்ந்தேன்.

அதற்கு ஒரு குரல் பதில் சொன்னது. மெல்லிய குரல். யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் யாரோ பின்வாசல் வழியாக வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"கோவிச்சுக்காத கண்ணு. அவுருக்குக் காது செரியா கேக்கறதில்ல. நான் திருப்பிச் சொன்னாத்தான் அவுருக்கு வெளங்கும். எங்கிட்டயே மறச்சு வெச்சிருக்காரு. எனக்குத் தெரியும்னு அவுருக்குத் தெரியாது. நீயும் காட்டிக்காத."

"அதனாலதான் சத்தமாப் பேசறீங்களாம்மா?"

"பின்ன? எங்கம்மா வூட்ல, நான் பேசறது பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்காதுன்னு திட்டுவாங்க. இப்பத் தெருவே என்னெ வாயாடிங்குது. சொல்லிட்டுப் போறாங்க. என்னெ வாயாடின்னா எனக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. அவுரச் செவுடுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, மனுசன் ஒடஞ்சி போயிடுவாரு."

கட்டிய பெண்டாட்டியின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கல்யாணமான புதிதில் இந்தக் குரலில்தான் பேசினாள். அது எப்போது போனது என்று நான் யோசித்ததே இல்லை. போனதற்குக் காரணம் நான். அதைவிட வெட்கம், டீக்கடையில் அவள் வாயைச் சொல்லி நானும் சேர்ந்து சிரித்தது. ஒலிப்பதிவுப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேக்குதுங்களா சார்?" என்று கையசைத்தாள்.

"நல்லாவே கேக்குதும்மா" என்றேன்.

மறுபடி உட்கார்ந்தோம். விஷயம் தெரிந்துவிட்ட அந்தப் பெண், இப்போது நாற்காலியை நகர்த்தி, முகத்தில் வெளிச்சம் படும்படி அமர்ந்து ஏதோ கேட்டாள். என் மனைவி வழக்கம்போல, "இல்லீங்க, என்னா கேக்குதுன்னா..." என்று குரலை ஏற்றினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினேன்.

"எனக்குக் கேக்கலம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம். "காது போய்ப் பல வருஷம் ஆச்சு. கொஞ்சம் சத்தமாக் கேளு."

கேமராப் பையன் தலையைத் தூக்கிப் பார்த்தான். என் மனைவி துள்ளி எழுந்தாள். "என்னாங்க பேசறீங்க? கண்ணு, அதெ வெட்டிப்புடு! மொதல்ல அதெ வெட்டிப்புடு!"

"வெட்டாதம்மா. இவ வாயாடி இல்ல. எனக்குக் கேக்கணும்னுதான் கத்தறா. அதையும் சேத்துப் போடு."

அவ்வளவுதான். "இத்தன வருசம் பொத்திப் பொத்தி வெச்சதப் போட்டு ஒடச்சிட்டீங்களே!" என்று அழுதுகொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.

படத்தைக் கல்லூரியில் போட்டார்கள். போனோம். கூட்ஸ் வண்டி வருகிற இடத்தில் ஒரே கைதட்டல். அதற்குப் பின்னால் நான் 'கேக்கலம்மா' என்கிற இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. 'அதெ வெட்டிப்புடு' என்று இவள் குதிக்கிற இடத்தில் அரங்கமே சிரித்தது. இருட்டில் இவளும் சிரித்ததை நான் பார்த்தேன். அடுத்த வாரமே தருமபுரியில் காது டாக்டரிடம் என்னை இழுத்துப் போனாள். "ஏன் இவ்வளவு நாள் வரல?" என்று டாக்டர் என்னைத்தான் கேட்டார். "பாம்புங்க, புத்தை விட்டு வர மாட்டேன்னிடுச்சு" என்று இவள் பதில் சொன்னாள்.

மெஷின் மாட்டிக்கொண்டு திரும்பிய பஸ் பயணத்தை என் எதிரிக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். ஹாரன், கண்டக்டர் விசில், பின் சீட்டுக் குழந்தை எல்லாம் மூளைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டன. வீட்டுக்கு வந்ததும், பழக்க தோஷத்தில் இவள், "கை கால் கழுவிட்டு வாங்க!" என்று ஒரு குரல் கொடுத்தாள். துள்ளிவிட்டேன். "ஊரையே எழுப்பறியே, மெதுவாப் பேசக் கூடாதா?" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எந்தக் கேமராவும் எடுத்திருக்க முடியாது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைத் தாழ்த்தினாள். முதலில் அவளுக்கே அது வரவில்லை. பாதி வாக்கியத்தில் ஏறிவிடும், நாக்கைக் கடித்துக்கொள்வாள். நானும் பேப்பர் படிக்கிற பாவனையில், அவள் அடுப்படியில் தனக்குத்தானே பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பாதி எனக்கு வசவுதான். ஆனாலும் நல்ல குரல்.

போன வாரம் எதிர் வீட்டு அம்மாள், கையில் ஒரு கிண்ணத்தோடு, சர்க்கரை கேட்கிற சாக்கில் வந்தாள். வாசற்படியிலேயே நின்று, ரகசியமாக, "என்னாக்கா, வூட்ல ஏதாச்சும் மனஸ்தாபமா? கொஞ்ச நாளா உங்க சத்தமே காணோம். சாரும் நீங்களும் பேசிக்கறதே இல்லீங்களா?" என்று கேட்டாள்.

என் மனைவி சர்க்கரையை அளந்து போட்டாள். "இல்லம்மா," என்றாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று இன்னும் தாழ்த்திக்கொண்டு. "இப்பத்தான் பேசிக்கறோம்."

நான் காதில் விழாதவன்போலப் பேப்பரின் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.